நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஆள் இல்லை என்கிறார்கள், நாம் கட்டும் பணம் எங்கே போகிறது?

கேள்வி, 1 செப்டம்பர் 2024

அம்மா பெயரில் ஆறு சென்ட் இடம். கீழே இரண்டு கடை, மேலே வீடு. கட்டட அனுமதிக்குப் பைல் போட்டு மாதக்கணக்காகிறது. சைட் பார்க்கக்கூட யாரும் வரவில்லை. போய்க் கேட்டால் "சாருக்கு இது கூடுதல் பொறுப்பு, வியாழக்கிழமைதான் வருவார்" என்கிறார்கள். வியாழக்கிழமை போனால் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங். பரிசீலனைக் கட்டணம் மட்டும் விண்ணப்பத்தோடேயே வாங்கிக்கொண்டார்கள். இன்னும் என்னென்னவோ கட்டணம் வரும் என்கிறார் பொறியாளர். இவ்வளவு பணம் வாங்குகிற துறை ஏன் நாலு ஆள் போடக்கூடாது? இழுத்தடித்தால்தான் கை நீட்ட முடியும் என்று வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

3 செப்டம்பர் 2024

நான் மறுக்கிறேன், பாதியை மட்டும். நான் பதிவு பெற்ற பொறியாளர். கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியிலும் சுற்றியுள்ள பேரூராட்சி, ஊராட்சிகளிலும் பிளான் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆக நானும் இந்தக் கதவுகளுக்கு வெளியே நிற்கிற ஆள்தான்.

முதலில் பைல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாரும் 'டிடிசிபி' (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வீடு என்றால் பத்தாயிரம் சதுர அடி, எட்டு குடியிருப்பு வரைக்கும் உள்ளாட்சியே அனுமதி தரலாம். வணிகக் கட்டடம் என்றால் இரண்டாயிரம் சதுர அடியோடு அவர்கள் அதிகாரம் முடிகிறது. உங்களுடையது கடையும் வீடும் கலந்தது. கடையின் பரப்பைப் பார்த்துத்தான் பைல் நகராட்சியில் இருக்குமா, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகுமா என்று சொல்ல முடியும். இரண்டும் வேறு வேறு துறை. சம்பளம் தரும் இடமும் வேறு, ஆள் பற்றாக்குறைக்கான காரணமும் வேறு.

நகராட்சியில் இருப்பது நகரமைப்புப் பிரிவு. அங்கே நகரமைப்பு ஆய்வாளர். பெரிய ஊர் என்றால் அவருக்கு மேல் நகரமைப்பு அலுவலர். பேரூராட்சியில் அதுவும் கிடையாது, செயல் அலுவலரே பார்த்துக்கொள்வார். ஊராட்சி என்றால் தலைவரும் செயலரும், தொழில்நுட்பக் கேள்வி வந்தால் ஒன்றியத்து ஓவர்சியர். ஆனால் மூன்று இடத்திலும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய விதிப்புத்தகம் ஒன்றுதான்: 2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு), பார்க்கிங், சாலை அகலம் எல்லாம் அதில்தான். மாநகராட்சியில் நாலு பேர் சேர்ந்து புரட்டும் புத்தகத்தை ஊராட்சியில் ஒரு செயலர், நூறு நாள் வேலை மஸ்டர் ரோலுக்கும் குடிநீர் மோட்டார் ரிப்பேருக்கும் நடுவில் புரட்ட வேண்டும்.

4 செப்டம்பர் 2024

கூடுதல் பொறுப்பு பற்றி. உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றாலோ மாற்றலாகிப் போனாலோ அந்த நாற்காலியைப் பக்கத்து ஊர்க்காரரின் தலையில் கட்டுவார்கள். தற்காலிகம் என்றுதான் ஆணையில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நகராட்சிக்கும் ஒரு மாநகராட்சி மண்டலத்துக்கும் சேர்த்து ஆய்வாளராக இருந்தார். அவர் பைக்கின் பெட்டியில் மூன்று சீல் இருக்கும். எந்த ஊர் சீலை எந்தப் பைலில் குத்தினோம் என்று அவரே நின்று பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

7 செப்டம்பர் 2024

இப்போது பணம். இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டடத்துக்கு வரும் டிமாண்ட் நோட்டீஸை எடுத்து வரி வரியாகப் பாருங்கள்.

பரிசீலனைக் கட்டணம் பைலைப் பார்க்கிற அலுவலகத்துக்கு. கட்டட உரிமக் கட்டணம் உள்ளாட்சிக்கு. வளர்ச்சிக் கட்டணம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியைத் திட்டமிடும் அமைப்பான திட்டக் குழுமத்துக்கு. கட்டடம் பெரியது என்றால் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒரு பெருந்தொகை, அது மாநில அளவிலான நிதிக்கு நேராகப் போய்விடும். அப்புறம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதி. அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு. நியாயமான பணம், ஆனால் நகர் ஊரமைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வசூலிக்கும் ஜன்னல் மட்டும் ஒன்று.

வீடு கட்டுபவர் மொத்தத்தையும் கூட்டி "டிடிசிபிக்கு இவ்வளவு கொடுத்தேன்" என்கிறார். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சம்பளத்தில் இந்தப் பணம் ஒரு பைசாகூட நேராகச் சேர்வதில்லை. நகர் ஊரமைப்புத் துறைக்காரருக்கு மாநில பட்ஜெட்டில், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை மானியத்திலிருந்து சம்பளம். நகராட்சி ஆய்வாளருக்கு நகராட்சிக் கஜானாவிலிருந்து. அந்தக் கஜானாதான் தெருவிளக்கு கரண்ட் பில்லுக்கும், குடிநீர் வாரியத்துக்கும், துப்புரவு ஒப்பந்தக்காரருக்கும் பதில் சொல்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. சம்பளம் நகராட்சி தர வேண்டும், பணியிடம் உருவாக்கச் சென்னை அனுமதி தர வேண்டும். ஊரில் புது மனைப்பிரிவு நூறு வந்தாலும், "எங்களுக்கு இன்னொரு ஆய்வாளர் வேண்டும்" என்று நகர்மன்றம் தானாக ஒரு ஆளைப் போட்டுவிட முடியாது.

ஆக, பைல் கூடினால் வசூல் கூடும், ஆள் கூடாது. வசூலுக்கும் ஆளுக்கும் நடுவில் எந்தக் குழாயும் இல்லை. கேள்வி கேட்டவர் இதைச் சதி என்கிறார். எனக்கு இது யாரும் உட்கார்ந்து யோசிக்காத ஏற்பாடாகத்தான் படுகிறது.

8 செப்டம்பர் 2024

"அப்போ ஆய்வாளர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?" என்று கேட்டவருக்கு: பேனர் கழற்றுகிறார். நிஜமாக. ஆக்கிரமிப்பு அகற்றம், விளம்பரப் பலகை, அமைச்சர் வருகைக்கு முன்னால் நடைபாதைக் கடை, கோர்ட் கேஸுக்கு எதிர்வாதுரை, தேர்தல் அறிவித்தால் சுவர் விளம்பரத்துக்கு வெள்ளை அடிப்பது. நகரத்தை அமைக்க மிச்சம் இருப்பது சாயங்காலம் நாலு மணிக்கு மேல்.

15 செப்டம்பர் 2024

இது நம் மாநிலத்துக் கதை மட்டும் இல்லை. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் நகரத் திட்டமிடும் திறன் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு நாடு முழுக்க 12,000க்கு மேல் திட்டமிடுநர் தேவை, அனுமதிக்கப்பட்ட இடங்கள் 4,000ஐக்கூடத் தொடவில்லை, அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலி. பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு நகரத் திட்டமிடல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

'காலி' என்ற கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் ஏமாந்துபோவோம். காலி இடம் அத்தனையையும் நாளைக்கே நிரப்பினாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்த அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே எப்போதோ ஒரு காலத்து ஊரை வைத்துப் போட்டது. எங்கள் ஊரில் பைபாஸ் வருவதற்கு முன்னால் இருந்த அதே பணியிடப் பட்டியல்தான் இன்றைக்கும்.

இன்னொன்று. அந்தப் பணியிடங்கள் எதற்காக? என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். இந்த அலுவலகங்களை அரசு ஒரு சுங்கச்சாவடியாகத்தான் பார்க்கிறது. வண்டி வரும், சீட்டு கொடுக்க வேண்டும், வரிசை நீண்டால் இன்னொரு கவுன்டர் திறக்க வேண்டும். சாலை எங்கே போக வேண்டும் என்று யோசிக்க சாவடியில் ஆள் எதற்கு? அதனால்தான் சீர்திருத்தம் என்று எது வந்தாலும் அனுமதியை வேகமாகத் தருவது பற்றியதாகவே இருக்கிறது. ஆன்லைன், சிங்கிள் விண்டோ, சுயசான்று. எதுவும் கெட்டதில்லை. ஆனால் ஊர் எந்தப் பக்கம் வளரலாம், ஓடை எங்கே ஓடுகிறது, அறுபதடிச் சாலை எந்தக் காட்டுக்குள் போக வேண்டும் என்று வரைவதற்கென்று மட்டும் ஒரு மேசை, ஒரு ஆள் வைத்த அலுவலகத்தை என் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

22 செப்டம்பர் 2024

2016 பற்றி எழுதச் சொன்னார்கள். ஆள் இல்லாததன் விலை என்ன என்று எனக்குப் புரிந்த வருடம் அது.

எங்கள் பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒன்று உண்டு. அப்படி ஒன்று சட்டத்தில் கிடையாது. தலைவர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு, ஏ3 தாளில் ஒரு லேஅவுட் வரைபடம். அதை வைத்து மனை விற்றார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயமும் ஆனது. முறையாக டிடிசிபி அனுமதி வாங்கினால் பூங்காவுக்கு இடம் விட வேண்டும், சாலை அகலம் விட வேண்டும், அதைவிட முக்கியமாகக் காத்திருக்க வேண்டும். அப்போது மாவட்டத்துக்கு ஒரு அலுவலகம்கூடக் கிடையாது, இரண்டு மூன்று மாவட்டத்துக்குச் சேர்த்து ஒரு மண்டல அலுவலகம். ஒரு லேஅவுட்டுக்காகப் பஸ் ஏறிப் போய்வந்த நாட்களை நினைத்தால், பஞ்சாயத்து ஸ்டாம்பு வாங்கியவர்களை முழுசாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி, அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஒரே நாளில் ஊரே நின்றது. கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்றிருந்தவர், பேங்க் லோன் பாதியில் நின்றவர், எல்லாரும் என் ஆபீஸ் வாசலில். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். கால அவகாசத்தை நீட்டி நீட்டியே வருடங்கள் ஓடின.

அந்த விண்ணப்பங்களை எல்லாம் பார்த்தது யார்? அதே ஆய்வாளர், அதே செயல் அலுவலர், அதே மண்டல அலுவலகம். தனி அணி என்று எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு பேரூராட்சியில் கட்டுகளை அடுக்க இடமில்லாமல் பிறப்பு இறப்புப் பதிவேட்டு அறைக்குள் வைத்திருந்தார்கள். வசூல் நன்றாகவே நடந்தது என்றுதான் அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். பூங்கா இடம் விடாமல் வீடாகிவிட்ட மனைப்பிரிவுக்கு அந்தப் பணத்தில் ஒரு பூங்கா வந்ததா என்று கேட்காதீர்கள்.

கட்டடங்களுக்கும் இதே கதைதான். விதிமீறலை வரன்முறைப்படுத்த 1998ல் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2012ல் 113-சி. முன்கூட்டிப் பார்க்க ஆள் போடாத செலவை, பின்னால் அபராதமாக வாங்கிச் சரிக்கட்டும் பழக்கம் இது.

23 செப்டம்பர் 2024

"சுயசான்று வந்துவிட்டதே, இனி ஆளே தேவையில்லையே" என்று ஒருவர். 2024 ஜூலை 22ஆம் தேதி முதல்வர் தொடங்கி வைத்த திட்டம். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் இணையத்திலேயே கட்டணம் கட்டி உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மகிழ்ச்சிதான். சின்ன வீடு கட்டுபவரை அலைய வைத்ததில் யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை.

கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தாது. ஆறு சென்ட் என்றால் 2,600 சதுர அடிக்கு மேலே போகிறது, அதோடு கடையும் இருக்கிறது.

ஆனால் இதனால் ஆள் தேவை குறையும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பு அனுமதிக்கு முன்னால் ஒருவர் சைட்டுக்குப் போய்ப் பார்த்தார். இப்போது உரிமையாளர் சொல்வதை நம்பி அனுமதி. நம்பலாம், பின்னால் பத்துக்கு ஒன்றையாவது போய்ப் பார்த்தால். அந்த ஒன்றைப் பார்க்க யார் போவார்? பேனர் கழற்றுகிறவர்தான். ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் என்னிடம், "செட்பேக் வரைபடத்தில் விட்டுடுங்க சார், கட்டும்போது பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

6 அக்டோபர் 2024

முழுமைத் திட்டம், அதாவது ஊர் எப்படி வளர வேண்டும் என்று வரையும் மாஸ்டர் பிளான், பற்றி இத்தனை நாள் எழுதாமல் விட்டுவிட்டேன். உண்மையில் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1994ல் ஒப்புதலான முழுமைத் திட்டம். அதற்குப் பிறகு அவிநாசி சாலை முழுக்க மாறியது, சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வந்தது, மாநகராட்சி எல்லை விரிந்தது, சுற்றியிருந்த தோட்டங்கள் பாதி மனையானது. 2024 வரைக்கும் திட்டம் மட்டும் அதே 1994. 2041க்கான வரைவு மக்கள் பார்வைக்கு வந்ததே 2024 பிப்ரவரியில்தான். முப்பது வருடம் அந்தத் திட்டத்தின் நில உபயோக வரைபடத்தில் 'விவசாயம்' என்று பச்சை அடித்திருந்த இடத்தில் பில் போட்டுக் காபி குடித்திருக்கிறேன்.

நடுவில் ஊர் எப்படி ஓடியது என்றால், நில உபயோக மாற்றத்தில். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கட்டணம். பழைய திட்டம் இருக்கும்வரைக்கும் இந்த வருமானம் நிற்காது. திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டிய அலுவலகமே திட்டம் பழையதாக இருப்பதால் வேலையும் வசூலும் பெறுகிறது. இதையும் சதி என்று சொல்ல மாட்டேன். அந்த மாற்ற விண்ணப்பங்களைப் பார்க்கவே நாள் சரியாகப் போகிறது, பிறகு எங்கே புதுத் திட்டம் வரைவது.

அதனால் வரையும் வேலை வெளியே போகிறது. மத்திய அரசின் அம்ருத் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 2015லிருந்தே ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபட முறையின் அடிப்படையில் முழுமைத் திட்டம் தயாரிக்கப் பணம் தருகிறார்கள். 2021ல் வந்த இரண்டாம் கட்டத்தில் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கும். டெண்டர் விட்டு ஆலோசனை நிறுவனம் எடுக்கும். படிப்பு முடித்த பிள்ளைகள் நாலு பேர் டேப்லெட்டோடு வருவார்கள், நன்றாகவே வேலை செய்வார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணைக் கூட்டம் நடந்தது, போயிருந்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். "எங்க பள்ளத்து மேலயே ரோடு போட்டிருக்கீங்களே, மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?" செயற்கைக்கோள் படம் எடுத்தது வெயில் காலத்தில். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை; அது வெறும் மண் தடமாகத் தெரிந்திருக்கிறது, வண்டித்தடம் என்று எடுத்துக்கொண்டு அதையே அகலப்படுத்தியிருக்கிறார்கள். வரைந்த பிள்ளை வேறு திட்டத்துக்குப் போயாயிற்று. மேடையில் இருந்த அதிகாரிக்கு அது கூடுதல் பொறுப்பு. அவர் குறித்துக்கொண்டார், மரியாதையாகவே. பதில் சொல்ல அந்த அறையில் ஆளில்லை. அந்தப் பக்கத்து மண்ணை மிதித்த நிரந்தர ஊழியர் ஒருவர் அந்த வரைபடத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், பெரியவர் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

9 அக்டோபர் 2024

லஞ்சத்தைப் பற்றி மழுப்புகிறேன் என்கிறார்கள். மழுப்பவில்லை. இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்வழி ரேட் வைத்திருந்த ஒரு அலுவலகத்துக்கு நான் பைல் கொண்டுபோய் நின்றிருக்கிறேன், எந்த அலுவலகம் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் வரிசை நீளமாக இருக்கிற இடத்தில்தான் முன்னால் போவதற்கு விலை உண்டு. பைல் பதினைந்து நாளில் தானாக வெளியே வரும் என்றால் யார் கொடுப்பார்? ஆள் பற்றாக்குறை லஞ்சத்துக்கு மூலதனம். நேர்மையான அதிகாரிக்கு மூன்று ஊர் கொடுத்தால் அவர் பைல் தேங்கும், "அந்த ஆள் இருந்தா வேலை நடக்காது" என்று பெயர் வாங்குவார். கொடுத்தால் முடித்துத் தருகிறவருக்கு 'சுறுசுறுப்பு' என்று பெயர். இந்த இரண்டு பேரையும் நான் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் பார்த்திருக்கிறேன்.

20 அக்டோபர் 2024

இங்கிலாந்தில் எப்படி என்று கேட்டவருக்கு. மைத்துனர் அங்கே இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இழுக்க விண்ணப்பித்த அனுபவத்தில் சொல்கிறார். அங்கே திட்டமிடல் அலுவலகம் உள்ளூர் கவுன்சிலுக்கே சொந்தம், திட்டமிடுநரும் கவுன்சில் ஊழியர். ஆனால் கட்டணத்தை லண்டனில் உட்கார்ந்துதான் நிர்ணயிக்கிறார்கள். 2023 டிசம்பரில் ஏற்றினார்கள், பெரிய திட்டங்களுக்கு 35 சதவீதம், மற்றவற்றுக்கு 25. வீட்டு விரிவாக்கத்துக்கு 206 பவுண்டாக இருந்தது 258 ஆனது. அப்படியும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று கவுன்சில்கள் புலம்புகின்றன. 2010க்குப் பிந்தைய சிக்கனக் காலத்தில் கவுன்சில்கள் முதலில் கை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. முதியோர் பராமரிப்பையும் குழந்தைகள் பாதுகாப்பையும் குறைக்கச் சட்டம் இடம் கொடுக்காது, திட்டமிடுநரைக் குறைத்தால் யாரும் வீதிக்கு வர மாட்டார்கள். அனுபவஸ்தர்கள் கட்டுமான நிறுவனங்களின் ஆலோசகர்களாகப் போய்விட்டார்கள். 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி 300 திட்டமிடுநரைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் கவுன்சில்கள் முந்நூறுக்கு மேல். கவுன்சிலுக்கு ஒரு ஆள்கூட வராது.

மைத்துனரின் அறைக்கு எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. நாள் நெருங்கியதும் "அவகாச நீட்டிப்புக்குச் சம்மதமா" என்று ஒரு மின்னஞ்சல் வந்ததாம். நம் ஊரில் வாயால் சொல்வதை அவர்கள் எழுத்தில் கேட்கிறார்கள்.

21 அக்டோபர் 2024

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுப் படுத்த பிறகு ஒரு சந்தேகம். வசூலுக்கும் ஆளுக்கும் நடுவில் குழாய் இல்லை என்று செப்டம்பரில் எழுதினேன். சரி, குழாய் போடுகிறோம். அந்தந்த அலுவலகம் வாங்கும் கட்டணத்தை அந்த அலுவலகமே வைத்துக்கொண்டு ஆள் போட்டுக்கொள்ளட்டும். நடக்குமா?

கோவையில் நடக்கும், ஓசூரில் நடக்கும். அரியலூரில்? வருடத்துக்குக் கொஞ்சம் பைல் வரும் ஊரில் கட்டணத்தை வைத்து ஒரு டிராஃப்ட்ஸ்மேனுக்குக்கூடச் சம்பளம் தர முடியாது. ஆனால் அங்கேதான் இப்போதே சாலைக் கோடு வரைந்து வைத்தால் நாளைக்கு இடிக்க வேண்டியிருக்காது. இன்னொன்று, சதுர அடியில் சம்பளம் வருகிறது என்றால் சதுர அடியை மறுக்கும் தைரியம் யாருக்கு வரும்? ஏரிக்கரை ஓரம் பெரிய அடுக்குமாடி பைல் ஒன்று வந்தால், அதை நிராகரிப்பவர் தன் ஆபீஸ் சம்பளத்தையே நிராகரிப்பார். மூன்றாவது, 2016 தடை, 2020 ஊரடங்கு போல மனை வியாபாரம் படுத்தால் என்ன செய்வது? ஆளை வீட்டுக்கு அனுப்புவதா?

அதனால் இப்போது என் யோசனை: அனுமதி தரும் வேலைக்குக் கட்டணத்திலிருந்து சம்பளம், திட்டம் வரையும் வேலைக்குப் பட்ஜெட்டிலிருந்து சம்பளம். இரண்டு மேசை, இரண்டு கணக்குத் தலைப்பு, ஒன்றின் ஆளை மற்றதற்கு இழுக்கக்கூடாது. கடைசி நிபந்தனையை மட்டுமாவது காப்பாற்றினால் போதும், ஏனென்றால் நடைமுறையில் வெல்வது எப்போதும் அவசர பைல்தான்.

3 நவம்பர் 2024

"சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பணம் இருக்கிறதே" என்று சென்னை வாசகர். இருக்கிறது. கோயம்பேடு மார்க்கெட், பேருந்து நிலையம், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம், எல்லாம் அவர்கள் கட்டியது. சொந்த நிதி உள்ள திட்டக் குழுமம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள பெரிய உதாரணம் அதுதான்.

ஆனால் பணம் இருக்கும் குழுமம் கட்டத் தொடங்கிவிடுகிறது. பேருந்து நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு, வரைபடத்துக்கு ஏது ரிப்பன்? 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள், ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2008ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ல் முடிகிறது, மூன்றாவதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லையை ஒரு அரசாணையில் விரித்துவிடலாம். அரக்கோணம் பக்கத்து வயல்களை அறிந்த ஆளை அரசாணையில் வரவழைக்க முடியாது.

மௌலிவாக்கத்தையும் ஒருவர் நினைவூட்டினார். சென்னைக்குப் பக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி இடிந்து விழுந்து 61 உயிர் போனது. திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான். அனுமதி கொடுக்கும் அலுவலகம் செட்பேக்கும் உயரமும் பார்த்தது, தூண் தாங்குமா என்பது கட்டுபவரின் பொறியாளர் பொறுப்பு என்று விடப்பட்டிருந்தது. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.

17 நவம்பர் 2024

திட்டுவதை விட்டுவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னால் முடிந்தது இது. உங்கள் நகராட்சிக்கு ஒரு ஆர்.டி.ஐ. போடுங்கள். நகரமைப்புப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, கூடுதல் பொறுப்பில் எத்தனை, கடந்த மூன்று நிதியாண்டில் கட்டட உரிமக் கட்டணமாக வந்தது எவ்வளவு, அந்தப் பிரிவுக்குச் செலவிட்டது எவ்வளவு. இவ்வளவுதான். "ஏன் காலியாக வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், கருத்து கேட்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிலை எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போங்கள். 1992ல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய வேலைகளின் பட்டியல் இருக்கிறது. பதினெட்டு இனம். முதல் இனமே நகரத் திட்டமிடல்தான். எங்கள் கவுன்சிலரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, "அது டிடிசிபி வேலைங்க" என்றார். போனில் எடுத்துக் காட்டினேன். "அப்ப எங்களுக்கு ஏன் ஒரு இன்ஸ்பெக்டர் மட்டும் குடுத்திருக்காங்க?" என்று என்னையே கேட்டார். அந்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசியும் விட்டார். தீர்மானம் ஆகவில்லை, தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அடுத்த பொருள் பேருந்து நிலையக் கழிப்பிட ஏலம்.

24 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: நிரந்தர ஆய்வாளர் வந்துவிட்டார், சைட் பார்த்தாயிற்று, கடைக்குப் பார்க்கிங் இடம் குறைகிறது என்று திருத்தச் சொல்லியிருக்கிறார். திருத்துங்கள். அவர் சொல்வது சரி.

இன்னொருவர் மகள் அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் (நகரத் திட்டமிடலில் முதுகலை) முடிக்கப் போகிறாளாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்லலாமா அல்லது ஆலோசனை நிறுவனமா என்று கேட்கிறார். எழுதட்டும். அறிவிப்பு எப்போதாவது ஒரு தடவைதான் வரும், இடமும் கொஞ்சம்தான். அதுவரை நிறுவனத்தில் வேலை பார்க்கட்டும், ஜி.ஐ.எஸ். கை பழகும். அரசு வேலை கிடைத்தால் முதல் நாளே கூடுதல் பொறுப்பு ஆணை ஒன்று கையில் தருவார்கள், அதையும் சொல்லி வையுங்கள். டூவீலர் லைசென்ஸ் இருக்கட்டும்.